அம்மாவின் பாட்டைப் பாடிய வெள்ளைக்காரர்கள்

மாதா திருவிழாவுக்கு முந்தின நாள், என் அம்மா ஒரு திருடியோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. படிப்பு வரவில்லையே தவிர, கவலைப்படுவதில் நான் அந்த வயதிலேயே கெட்டிக்காரி.

அந்த வருடம் எங்கள் ராயபுரம் கோயிலில், இதுவரை யாரும் பாடாத புதுப் பாட்டுதான் வேண்டும் என்று பாடகர் குழுவில் சொல்லிவிட்டார்கள். அம்மா ஒன்று கட்டினாள். மீன் கழுவும்போது மாதாவே மெட்டைக் காதில் போட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள். அந்த வாரம் அவள் நடையே மாறியிருந்தது.

அன்று பார்த்து மாமா, அம்மாவின் தம்பி, பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கிவந்தார். கேசட்டைப் போட்டதும் கிடார் அலறியது. ஒரு வெள்ளைக்காரர் தொண்டை கிழிய அம்மாவின் பாட்டைப் பாடினார், இங்கிலீஷில்.

"மாமா, இது எங்கம்மா பாட்டு!"

"போடி லூசு. இது அரதப் பழசு. மொதல்ல இவன் பாடினான், அப்பால ஆளாளுக்கு இதையே பாடிட்டானுங்க. கேக்கறியா?"

கேசட்டைத் திருப்பிப் போட்டார். ஒரு பெண் அதையே தாலாட்டு மாதிரி பாடினாள். அடுத்து ஒரு கூட்டம் டமடமவென்று பாடியது.

எனக்குத் தலை சுற்றியது. ஆளாளுக்குப் பாடலாம் என்றால் அம்மா பாடியதும் தப்பில்லை. தப்பில்லை என்றால் மாதா எதற்குக் காதில் போட வேண்டும்? ஒருவேளை மாதாவே கேசட் கேட்டிருப்பாளோ? இப்படி நினைத்ததே பாவமாகிவிடும் என்று பயந்து சிலுவை போட்டுக்கொண்டேன். நாளைக்குக் கோயிலில் ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டாலும் அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது.

அதற்குள் அம்மாவே வந்துவிட்டாள். பின்னாலேயே, துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கிவிட்டு, நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவும் வந்தார். அம்மா ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"இன்னாய்யா, என் பாட்டு மாதிரியே கீது?"

மாமா வாயைத் திறந்தார். நைனா மாமாவின் காலை மிதித்தார்.

"மாதிரி இன்னா, உன் பாட்டுதாம்மே. வாசல்ல குந்திகினு பாடிகினே இருந்தா? எவனாவது கப்பல்காரன் கேட்டுகினு போயிருப்பான்."

"ஒரு வாரத்துல கேசட்டாவே போட்டானா?"

"வெள்ளக்காரன்மே. படா ஸ்பீடு."

அம்மா நைனாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அவனுக்கு ராகம் சரியா வரல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் கோயிலே சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடியது. யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

திருவிழா முடிந்ததும் மாமா அதே கேசட்டை மறுபடி போட்டார். நைனா கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தார். தினமும் சவரம் செய்யும்போது முணுமுணுப்பது போலவே, சோப்பு நுரைக்குள் அவர் உதடுகள் அசைந்தன. இங்கிலீஷில் தன் பேரைக்கூட எழுதத் தெரியாத நைனா, வெள்ளைக்காரர் வாய் திறக்கும் முன்பே அடுத்தடுத்த இங்கிலீஷ் வரியைப் பாடிக்கொண்டிருந்தார். அம்மாவின் பாட்டை எவ்வளவு ஆசையாக மனப்பாடம் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.