வாசலோடு திரும்பிய கார்

முன்னாள் அமைச்சர் சீனிச்சாமி அவர்கள் மறைந்த செய்தி பத்திரிகைக்கு முன்பே விருதுநகர் கடைவீதிக்கு வந்துவிட்டது. நான் போவதற்குள் கடைகள் பாதிக் கதவை இழுத்துவிட்டிருந்தன. அவரால் பதவி பெற்றவர்கள் அவரைப் புகழ்ந்து எழுதுவார்கள். எதுவும் பெறாதவன் நான் எழுதுகிறேன்.

முதல் பொதுத்தேர்தலில் அவர் பாராளுமன்றத்துக்கு நின்றபோது, கல்லூரி ஆசிரியரான நான் விடுப்புப் போட்டு அவருக்காக ஊர் ஊராக அலைந்தேன். மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியில் வியாபாரிகளிடம் பேசினார். நெடி தாங்காமல் கூட்டமே கண்ணைத் துடைத்தது.

“என் பேச்சுக்கு அழுத கூட்டம் இது ஒண்ணுதான்” என்றார்.

“அழுகல அய்யா, வத்தல் நெடி. பேச்சை முடிங்க, எல்லாரும் பொழைச்சுக்கிடுவோம்” என்றார் ஒரு வியாபாரி. முதலில் சிரித்தவர் சீனிச்சாமிதான்.

ஜெயித்து டெல்லி போனவர், அங்கே வற்றல் மூட்டைகளுக்குச் சரக்கு ரயிலில் இடம் கேட்டபடியே இருந்தார். ‘வத்தல் மெம்பர்’ என்று கேலி செய்தவர்களே பிறகு அந்த ரயிலில் மூட்டை ஏற்றினார்கள்.

பின்னர் சென்னையில் அமைச்சரானார். அப்போது சிவகாசி அருகே என் அண்ணன் தம் சிறிய பட்டாசுத் தொழிற்சாலையைப் பெரிதாக்க, நிலத்தை விற்றுக் கட்டடம் கட்டிவிட்டு லைசென்ஸுக்குக் காத்திருந்தார். அதைத் தர வேண்டிய அதிகாரியோடு அமைச்சரையும் நான்தான் அழைத்துவந்தேன். வெடி போடாமல் எங்கள் பக்கத்தில் வரவேற்பு ஏது? கார் வாசலில் நின்றதும் அண்ணன் சரவெடியைக் கொளுத்தினார்.

வெடி ஓயும்வரை அமைச்சர் காருக்குள் கைகூப்பியபடி இருந்தார். பிறகு, “வெடிமருந்து ரூம் எங்கன இருக்கு?” என்றார்.

“இந்தா, இந்தச் சுவத்துக்கு அங்கிட்டுத்தான் அய்யா. இறங்கிப் பாருங்க” என்றார் அண்ணன் பெருமையாக.

அமைச்சர் அதிகாரியைப் பார்த்து, “பாத்துட்டீகள்ல?” என்றார். கார் திரும்பிவிட்டது. லைசென்ஸ் வரவில்லை. புதுக் கட்டடத்தில் ஆடு கட்டினோம்.

சென்னைக்குப் போய்ச் சண்டை போட்டேன். “ஒரு சரவெடிக்கா பயந்துட்டீக?”

“வெடிக்குப் பயப்படலப்பா. உங்கண்ணன் பயப்படலியே, அதைப் பாத்துத்தான் பயந்தேன்.”

வரவழைத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதன்பின் ஊருக்கு வரும்போதெல்லாம், “வாத்தியாருக்குக் கோவம் தணிஞ்சுதா?” என்று கேட்டனுப்புவார். இல்லை என்று சொல்லியனுப்புவேன்.

மருந்து அறையை வெகுதூரம் தள்ளிக் கட்டிய பிறகே அண்ணனுக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதற்குள் இரண்டு தீபாவளி சீசன் போயிருந்தது. அண்ணன் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அவருடைய சொந்த ஊரும் எங்கள் பக்கம்தான்; நேற்று இறுதி ஊர்வலம் எங்கள் தொழிற்சாலை வழியாகவே போனது. முன்னால் போன இளைஞர்கள் சரவெடியைப் பிரித்துப் போட்டார்கள். அண்ணன் ஓடிப்போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

“ஏலே, இங்கன வேண்டாம்லே! அய்யா திரும்பிப் போயிருவாக!”

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தொழிற்சாலைச் சுவர் முடியும்வரை கொட்டுச் சத்தம்கூட இல்லாமல் அவரைச் சுமந்துபோனோம். ஊர் தாண்டிய பொட்டலில் அண்ணனே வெடியைக் கொளுத்தினார். இந்த முறை அமைச்சர் திரும்பவில்லை.

கோபம் தணிந்ததா என்று கேட்டனுப்ப இனி ஆளில்லை. தணியவில்லை, அய்யா. போய் வாருங்கள்.