பீலிக்ஸ் தேடும் மணி

மணிக்குள் கையை விட்டதும் பீலிக்ஸ் கண்ணை மூடிக்கொள்கிறார். நாவற்குடாவில் ஓர் அரிசி ஆலையின் வாசலில் தொங்கும் மணி அது. எண்பத்து மூன்று வயதில் குதிகாலைத் தூக்கி நின்று, உட்சுவரை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றித் தடவுகிறார். ஆலைக் காவலாளி கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "என்னய்யா, உள்ளுக்க குளவி கூடு கட்டிருக்கா?" என்று கேட்கிறார். பீலிக்ஸ் கையை வெளியே எடுத்து, விரலில் ஒட்டிய பச்சைக் களிம்பைக் காற்சட்டையில் துடைக்கிறார். "குளவி இல்ல மனே. இது அவ இல்ல," என்கிறார். காவலாளி என்னைப் பார்க்கிறார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பீலிக்ஸின் பின்னால் போகிறேன்.

மட்டக்களப்பு நகரத்தில் அவர் கை விடாத மணி இல்லை. தேவாலயம், பாடசாலை, ஐஸ் தொழிற்சாலை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அமிர்தகழித் திருவிழாவுக்குக் கடை போட வரும் வெண்கல யாவாரிகளுக்கு அவரைக் கண்டாலே சிரிப்பு வரும். ஒருமுறை பித்தளைத் திருடன் என்று நினைத்து ஒரு பொலிஸ்காரர் அவரை அரை நாள் இருத்தி வைத்திருக்கிறார். "பிடிச்சதும் நல்லதுக்குத்தான் தம்பி. அந்தப் பொலிஸ் ஸ்டேசன்லயும் ஒரு மணி கிடந்தது," என்று சொல்லிச் சிரிக்கிறார். டோர்ச் அடித்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். "கண் இப்ப பொய் சொல்லுது. விரல் இன்னும் சொல்லல்ல," என்றார்.

பீலிக்ஸ் பறங்கியர், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழி வந்தவர். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, வாவிக்கரையில் அவருடைய ஓட்டு வீடு. அதோடு ஒட்டிய தகரக் கொட்டிலில் மீன்பிடித் தோணிகளின் மெசின் திருத்துகிறார். மெசினை ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "இவருக்குத் தொண்டையில சளி," என்பார். கழற்றிப் பார்த்தால் காபரேட்டரில் அழுக்கு இருக்கும். மீன்காரர்களுக்கு அவர் நேவி அங்கிள்.

கப்பலைவிட்டு வந்து ஐம்பத்தாறு வருடம் ஆகிறது. ஆனால் மனிதர் இன்னும் இறங்கிய பாடில்லை. வீட்டில் இருப்பது மூன்றே படி. அந்த மூன்றிலும் முகத்தைப் படிப்பக்கம் வைத்துப் பின்பக்கமாகத்தான் இறங்குவார். தரைக்கு டெக் என்று பெயர், குசினிக்கு கலி என்று பெயர். ஓட்டோக்காரரிடம் வலப்பக்கம் திருப்பச் சொல்ல மாட்டார். "ஸ்டாபோட்டுக்கு வெட்டு மனே," என்பார், ஓட்டோ நேராகப் போய்விடும். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தால், அது சரிந்து விடுமோ என்று ஒரு கண் அதிலேயே இருக்கும். "இஞ்ச கப்பலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. வந்து தேங்காயத் திருவுங்க பீலிக்ஸ்," என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அது அவருடைய மனைவி பமீலா. பறங்கியர் வீடுகளில் மனைவி கணவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

கப்பல் கதை தொடங்கினால் கேட்பவர் பாடு திண்டாட்டம்தான். ஆனாலும் எனக்கு அது பிடிக்கும். நாட்டின் முதல் போர்க்கப்பல் விஜய, வெள்ளைக்காரனிடமிருந்து வந்த கண்ணிவெடி அள்ளும் கப்பல் என்று தொடங்குவார். பிறகு இஸ்ரேலிடம் வாங்கிய மகாசேன, கஜபாகு. அவர் பதினெட்டு வயதில், அறுபதாம் ஆண்டு சேர்ந்தபோது படைக்கு ரோயல் சிலோன் நேவி என்று பெயர். நாட்டின் பெயர் மாறியபோது அதுவும் மாறிவிட்டது. அவருடைய கப்பல் ரன்தரு, ஒரு சின்ன ரோந்துக் கப்பல். அதன் எஞ்சின் அறையில் ஒன்பது வருடம் வெந்திருக்கிறார். "கஜபாகு பெரிய இடத்துப் பொம்புள தம்பி. ராணி மாதிரி நிப்பா. எங்கட ரன்தரு வீட்டு வேலை செய்யிற பொம்புள. நம்மட கப்பல் எல்லாம் ஆரோ பாவிச்சுப்போட்டுத் தந்ததுதான். ஆனா பெயின்ற் அடிச்சு, பித்தளைய மினுக்கி, கொடிய ஏத்தினாப் பொறகு ஆரு கேட்டாலும் நம்மட பொம்புளதான்." கப்பலை 'அது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில், போர் நடந்த காலத்தில் மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. நேவி என்ற சொல்லைச் சோதனைச் சாவடியில் சொன்னாலும் கரைச்சல், அரை மைல் தள்ளிப் போய் இயக்கக்காரரிடம் சொன்னாலும் கரைச்சல். முன்கையில் பச்சை குத்தியிருந்த நங்கூரத்தை மறைக்க, கொளுத்தும் வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டுத் திரிந்தார். மணி தேடுவதையும் நிறுத்தினார். எங்கள் கரையில் பலருக்குக் கடற்படைக் கப்பல் என்றால் வேறு நினைவு. அது அவருக்குத் தெரியும், மறுத்துப் பேச மாட்டார். "அந்தக் கப்பல் வேற, என்ட கப்பல் வேற எண்டு சொல்ல ஏலாது தம்பி. பேர் ஒண்டுதானே," என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி மணிக்கு வருகிறேன். கப்பலில் நேரம் சொல்வது மணிதான். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தட்டுக் கூடும், நாலு மணித்தியாலம் முடிந்தால் எட்டுத் தட்டு. அந்த மணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாலுமிக்குப் பிள்ளை பிறந்தால் கப்பலிலேயே ஞானஸ்நானம் கொடுக்கலாம். மணியைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, அதில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைத்தான் பாதிரியார் பிள்ளையின் தலையில் விடுவார். பிறகு பிள்ளையின் பெயரை மணியின் உட்புறத்தில் வெட்டி வைப்பார்கள். கப்பல் போகும் கடலெல்லாம் பெயரும் கூடவே போகும். பீலிக்ஸின் மூத்த மகள் பியோனாவுக்கு அறுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம், திருகோணமலையில் ரன்தருவின் மேல்தளத்தில் அப்படித்தான் ஞானஸ்நானம் நடந்தது. "தண்ணி பட்டதும் கத்தினாளே ஒரு கத்து! கப்டன்ட தொப்பி ஆடிப்போச்சு," என்பார். அந்த ஒரு வசனத்தை நான் நூறு தரமாவது கேட்டிருப்பேன்.

பத்து மாதத்தில் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. பீலிக்ஸ் அப்போது கடலில். வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்து நாலாம் நாள். அதே மாதம் ஒன்பது வருட ஒப்பந்தமும் முடிய, இனிக் கப்பல் வேண்டாம் என்று பெட்டியைக் கட்டினார். பெயர் இன்னும் வெட்டியிருக்கவில்லை. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்த பிறகு மொத்தமாக வெட்டுவதுதான் அங்கே வழமை. கப்பல் பட்டறையில் இருந்த விமலரத்ன என்ற நண்பர், மற்றப் பிள்ளைகளின் பெயரோடு இவள் பெயரையும் கட்டாயம் வெட்டுவேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்த வருடம் விமலரத்ன ஒரு பஸ் விபத்தில் இறந்தார். சொன்ன சொல்லை அதற்கு முன் காப்பாற்றினாரா, மறந்து போனாரா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பீலிக்ஸ் ஊர் ஊராக மணிக்குள் கை விடுகிறார்.

கல்லறையில் நட்ட மரச் சிலுவையை எழுபத்தெட்டுச் சூறாவளி கொண்டுபோனது. ஒரே ஒரு படம் இருந்தது, அதைச் சுனாமி கொண்டுபோனது. மெல்பேர்னிலிருந்து ஞாயிறுதோறும் பேசும் மகன் ரொபினுக்குக் காட்ட, அவனுடைய அக்காவுடையது என்று வீட்டில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. பிறப்புப் பதிவின் பிரதியை அரசாங்கக் கச்சேரியில் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். "அது கவுண்மேந்துக்கு எழுதினது தம்பி. இது அவளுக்கு எழுதினது," என்றார். சூறாவளிக்கு அடுத்த வருடம் ரன்தருவை உடைத்து விற்றார்கள். பித்தளைச் சாமான் ஏற்றிய லொறி ஒன்று மட்டக்களப்புப் பக்கம் போனதாகத் திருகோணமலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சூறாவளியில் மணியை இழந்த கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அப்போது இங்கே எத்தனையோ. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நடக்கிறார்.

பமீலா ஒரு நாளும் கூடப் போனதில்லை. "அவட பேர் எனக்கு மறந்தாத்தானே தேடித் திரியணும்," என்பார். பீலிக்ஸ் பச்சை விரலோடு திரும்பும் நாட்களில் ஒன்றும் கேட்க மாட்டார், சவர்க்காரத்தை எடுத்துக் கையில் கொடுப்பார். எனக்கு அந்த அம்மா மேல் ஒரு கோபமே இருந்தது. பெற்றவளுக்கு இவ்வளவு கல் மனமா என்று நினைத்திருக்கிறேன். நினைத்தது பிழை.

நாவற்குடா மணியைப் பார்த்து வந்த அடுத்த மாதம், காத்தான்குடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் முனாப் கொட்டிலுக்கு வந்தார். களுவாஞ்சிக்குடிக்கு அப்பால் ஒரு பிள்ளையார் கோயிலில் கும்பாபிசேகத்துக்காகத் திருத்த வேலை நடக்கிறது. கழற்றிய தகரங்களை வாங்கப் போன இடத்தில், பெயின்ற் சுரண்டிய ஒரு மணியைக் கண்டிருக்கிறார். "அங்கிள், இங்கிலீசுல என்னமோ வெட்டிக் கிடந்திச்சி. உங்கட ஞாபகம் வந்திச்சி, ஒரு படம் புடிச்சன்," என்று போனை நீட்டினார். பீலிக்ஸ் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில்தான் இருந்தது. அரத்தால் ராவியும் முழுதாக அழியாத எழுத்தில், ரன்தரு என்று அந்த மணியின் வெளிப்புறத்தில் இருந்தது. பீலிக்ஸ் போனைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி அதையே கேட்டு வாங்கினார். "இவதான்," என்றார். "இவதான் மனே." உள்ளே பார்த்தாயா என்று நான் முனாப்பிடம் கேட்டேன். "இல்ல சேர். அது அங்கிள் பாக்க வேண்டியது," என்றார். அந்த மனிதரை அன்றிலிருந்து எனக்கு மிகவும் பிடிக்கும்.

மறுநாள் காலை ஓட்டோ வந்து நின்றபோது, அதில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தவர் பமீலா. தேவாலயத்துக்குப் போடும் கவுன், வெள்ளைச் சப்பாத்து. "என்ன பாக்கிறீங்க? நானும் வாறன்," என்றார். பீலிக்ஸ் பக்கத்தில் ஏறினார். களுவாஞ்சிக்குடி வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். கப்பல் மணி என்று கேட்டதும் முகம் இறுகிவிட்டது. "எங்கட அப்பா எண்பதாம் ஆண்டு, லொறியில வந்த யாவாரி ஒருத்தரிட்ட வாங்கினவர். நாப்பத்தஞ்சு வருசமா இதுட சத்தத்துக்குத்தான் இந்த ஊர் எழும்புது. ஆரு கேட்டாலும் தரமாட்டம்."

"கேக்க வரல்ல ஐயா," என்றார் பீலிக்ஸ். "கைய மட்டும் விட்டுப் பாக்கணும்."

"என்னத்துக்கு?"

பீலிக்ஸ் பமீலாவைத் திரும்பிப் பார்த்தார். பமீலாதான் சொன்னார்: "எங்கட மூத்தவட பேர் அதுக்குள்ள இருக்கோ எண்டு பாக்க. பிள்ளை இப்ப இல்ல."

வண்ணக்கர் வாசலை விட்டு விலகினார். பிறகு கிணற்றடியைக் காட்டி, "கால கழுவிப்போட்டு வாங்க," என்றார்.

மணி வெளிவீதியில், இரண்டு சீமெந்துத் தூண்களுக்கு நடுவே, தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தொங்கியது. வண்ணக்கரே உட்காரும் மர வாங்கு ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். பீலிக்ஸ் சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வாங்கில் ஏறினார். கையை உயர்த்தினார். மணியின் வாய்க்கு ஒரு சாண் கீழே கை நின்றுவிட்டது.

கூச்சம் இல்லாமல் ஊரில் உள்ள மணிக்குள்ளெல்லாம் போய் வந்த கை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்ற மணிகளில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த மணி என்று ஒன்று இருந்தது. இதில் இல்லாவிட்டால் அடுத்தது இல்லை.

"ஏலாது பமி," என்றார் பீலிக்ஸ். "விமலரத்ன வெட்டாம விட்டிருந்தா?"

பமீலா என் தோளைப் பிடித்துக்கொண்டு வாங்கில் ஏறினார். வாங்கு ஆடியது. நானும் வண்ணக்கரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டோம். புருசனுக்குப் பக்கத்தில் நின்று, கையை மணிக்குள் விட்டார். முதலில் ஒரு பெயர் அகப்பட்டிருக்க வேண்டும். தடவிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். அதன் கீழே இன்னொன்று. அதுவும் இல்லை. விரல் இன்னும் கொஞ்சம் கீழே நகர்ந்து நின்றது. அவருடைய உதடு எழுத்துக் கூட்டியது. முடிந்ததும் திரும்பவும் முதல் எழுத்திலிருந்து கூட்டியது. 

பமீலா மற்றக் கையால் பீலிக்ஸின் கையைப் பிடித்து, மணிக்குள் இழுத்து, தன் விரல் இருந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.