பட்டன்காரம்மாவைப் பின்தொடர்ந்தவர்கள்

வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது என்பார் பட்டன்காரம்மா. பால் வெள்ளை இருக்கிறது, முத்து வெள்ளை இருக்கிறது, துவைத்துத் துவைத்துச் சட்டை கடைசியில் வந்து சேர்கிற வெள்ளை ஒன்று இருக்கிறது. மூன்றையும் வெள்ளை என்று கூப்பிடுகிறவர்கள் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்.

அவருடைய கடைக்கு மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பட்டனை நூலால் கட்டியிருக்கும். முதல் தடவை உள்ளே வருகிறவர்களுக்குச் சுவரெல்லாம் கண் முளைத்துத் தங்களையே பார்ப்பதுபோல் இருக்கும். கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

மாமனார் தொடங்கிய கடை. அவருடைய மகனுக்கு, அதாவது பட்டன்காரம்மாவின் வீட்டுக்காரருக்கு, இந்தப் பொடிச் சாமான்களோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லை. அச்சகத்தில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டார். கல்யாணமாகி வந்த கையோடு மாமனாருக்குத் துணையாகக் கடையில் நின்றது மருமகள்தான். பிறகு மாமனார் போனார். மருமகள் நின்றுகொண்டே இருந்தார்.

அந்தக் காலத்தில் கடை வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்காது. தையல்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள், எல்லோரும் உள்ளங்கையில் ஒரு துணித்துண்டைப் பொத்திக்கொண்டு வருவார்கள். கையை விரித்தால் துண்டு வியர்வையில் கசங்கியிருக்கும். அதை வைத்தே தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லிவிடலாம். குட்டிப் பூப்போட்ட மெல்லிய பருத்தி வந்தால் குழந்தை பிறக்கப்போகிறது. கெட்டிக் காக்கி வந்தால் யாருக்கோ வேலை கிடைத்திருக்கிறது. ஒரே பெண் ஒரே மாதத்தில் மூன்று தடவை மினுமினுப்புத் துணியோடு வந்தால், "என்ன, தேதி குறிச்சாச்சா?" என்று கேட்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். குனிகிற தலைக்கென்றே சின்ன முத்துப் பட்டன் ஒரு டஜன் தனியாக வைத்திருப்பார்.

மாமனார் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். துணியைப் பார்க்காமல் பட்டன் கொடுக்கக் கூடாது. அதையும் டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது. அது வாய்கூசாமல் பொய் சொல்லும். துணியையும் பட்டனையும் வாசலுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். சரியான பட்டன் என்றால் துணிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். தப்பான பட்டன் விருந்தாளி மாதிரி மேலேயே நிற்கும்.

பிறகு தைத்தே விற்கும் ரெடிமேட் துணிகளின் காலம் வந்தது. தையல்காரர்கள் ஒவ்வொருவராக மிஷினைத் துணி போட்டு மூடினார்கள். பட்டன்காரம்மாவுக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை. கோபமெல்லாம் புதுச் சட்டைகளின் உள்பக்கம் தைத்துவரும் அந்த உபரிப் பட்டன்மேல்தான். "ஒண்ணு போனா ஒண்ணு, அவனே குடுத்துடறான். அப்புறம் எவன் நம்ம படியேறுவான்?" என்பார்.

பக்கத்துச் செல்போன் கடை வருஷத்துக்கு வருஷம் ஊதிக்கொண்டே வந்தது. நடுச்சுவரை இடித்துவிட்டு இந்த இடத்தையும் சேர்த்துக்கொள்ள அவர்கள் கேட்டிருந்தார்கள். கட்டட ஓனர் நல்ல மனிதர். அதனால் மென்று விழுங்கித்தான் சொன்னார்.

"கடை நடந்தா தாராளமா நடத்துங்கம்மா. சும்மா திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கிறதுக்குத்தான் யோசனையா இருக்கு. வருஷக் கடைசி வரைக்கும் பாருங்க."

வீட்டுக்காரர் அன்றைக்கே மனதளவில் சாவியைக் கொடுத்துவிட்டார். பட்டன்காரம்மாவால் முடியவில்லை. கடை போனால் தன் பெயரும் போய்விடும் என்று நினைத்தார். அவரை யாரும் வேறு பெயரில் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மகள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். ஒரு விடுமுறை நாளில் கடைக்கு வந்திருந்தபோது ஒரு இழுப்பறை கவிழ்ந்து பட்டன்கள் கலந்துவிட்டன. அம்மா அவற்றைத் தட்டில் கொட்டி, பேசிக்கொண்டே, கையைக்கூடப் பார்க்காமல் ரகம் பிரித்தார். இரண்டு துளை ஒரு பக்கம், நாலு துளை ஒரு பக்கம், கொக்கி வைத்தது ஒரு பக்கம். ஈரச் சரளைமேல் யாரோ வெறுங்காலோடு நடப்பதுபோல் ஒரு சத்தம். மகள் அதை வீடியோ எடுத்துப் போட்டாள்.

ஜனங்களுக்கு என்ன தோன்றியதோ, பிடித்துக்கொண்டார்கள். இன்னொன்று போட்டாள். பிறகு வாராவாரம். மைதானத்தில் உட்கார வைத்தாலும் இடம் போதாத அளவுக்குக் கூட்டம் பின்தொடர்ந்தது. 'அக்கா, இதைக் கேட்டாத்தான் தூக்கமே வருது' என்று எழுதினார்கள். 'மெதுவா கொட்டுங்க, ப்ளீஸ்' என்று எழுதினார்கள்.

"எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ராத்திரி வீட்டுல கொட்டிப் பிரிச்சுத் தூக்கத்தைக் கெடுத்த சத்தம். இப்ப ஊருக்கே தாலாட்டாம்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க குறட்டையைப் போட்டா இன்னும் கூட்டம் சேரும். போடட்டுமா?"

சிரித்தார்கள். ஆனால் கடைக்குள் ஒரு செருப்பும் கூடுதலாகக் கழற்றப்படவில்லை. வருஷம் பாதி தாண்டியிருந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருத்தர்கூட ஏன் வாங்கவில்லை என்று மகளுக்கு மண்டை குடைந்தது. யாரோ நடத்திய வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "கடைசியில வாங்கச் சொல்லணுமாம்மா. நீ கேக்கவே இல்ல, அவங்க எப்படி வாங்குவாங்க?" என்றாள். அம்மாவைக் கல்லாப்பெட்டி முன்னால் நிறுத்தினாள்.

"வணக்கம். எங்ககிட்ட எல்லா விதமான பட்டனும் இருக்கு. வேணுங்கிறவங்க வாங்கிக்கோங்க. வேணாம்னாலும் பரவாயில்ல."

மகள் போனை இறக்கினாள். "பரவாயில்லன்னு உன்னை யாரும்மா சொல்லச் சொன்னா?"

"வாய்ல வந்துடுச்சுடி. வீடு தேடி வந்தவங்களை வாங்கு வாங்குன்னா நல்லாவா இருக்கு?"

"அவங்க எங்கம்மா வந்தாங்க? பாத்துட்டுத் தூங்கிட்டாங்க."

அன்றைக்குத்தான் மகள், பார்க்கிறவர்கள் தனியாக அனுப்பும் செய்திகள் சேரும் உள்பெட்டியைத் திறந்து பார்த்தாள். வீடியோ போடும் போன் பகலில் கடையிலேயே கிடக்கும். பதில்களை அம்மாவே அனுப்பிக்கொள்வதாகச் சொல்லியிருந்ததால் அவள் அந்தப் பக்கம் போனதில்லை. வாங்க வந்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. கோட்டுக்கு வேண்டும், குழந்தையின் ஸ்வெட்டருக்கு வேண்டும், விலை என்ன, எப்படி அனுப்புவீர்கள் என்று மாதக்கணக்காகக் கேட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அம்மா பொறுமையாக, ஒரே பதிலைத் தட்டெழுதியிருந்தார்: 'துணி எடுத்துட்டு வாங்க.'

மகள் அதில் ஒரு செய்தியைத் திறந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, இவர் கடல் தாண்டி இருக்காரு. துணி எடுத்துட்டு வான்னா, பிளேன் பிடிச்சா வருவாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லவே இல்லையே."

"போட்டோ அனுப்பியிருக்காரு பாரு. பாத்துக் குடுக்க வேண்டியதுதானே?"

பட்டன்காரம்மா போனை வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்தார், நிழலில் பிடித்தார், சாய்த்தார். நீலம் ஒரு பக்கம் கறுத்தது, மறுபக்கம் வெளுத்தது. திரும்பி வந்து போனைக் கல்லாமேல் வைத்தார்.

"இதுக்கு வெளிச்சமும் உள்ளேயே இருக்குடி. வாசலுக்குக் கொண்டுபோய் என்ன பிரயோஜனம்?"

மகள் விடவில்லை. கேட்டவர்களையெல்லாம் திரும்பப் பிடித்தாள். போட்டோவைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வைத்தாள், தபாலில் அனுப்பினாள். அம்மா தயங்கித் தயங்கி எடுத்துக்கொடுத்தார். கொஞ்ச நாளில் ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. போட்டோவைப் பார்த்துக் கறுப்பு என்று நினைத்து அனுப்பிய பட்டன் கரும்பச்சைக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் திட்டவில்லை. எல்லோரும் பார்க்கும்படி படத்தோடு எழுதியிருந்தாள்: 'பட்டன் ரொம்ப அழகா இருக்குக்கா. ஆனா என் கோட்டோட பேச மாட்டேங்குது.'

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பட்டன்காரம்மா அன்று சாப்பிடவில்லை. அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கோட்டின்மேல் அவருடைய பட்டன் விருந்தாளி மாதிரி நின்றது.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை கிண்டல் இல்லை. "விட்டுடும்மா. போதும். நம்மளால முடிஞ்ச வரைக்கும் பாத்தாச்சு. ஓனர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"சொல்லுங்க. ஆனா இந்தப் பொண்ணுக்குச் சரியான பட்டனைக் குடுத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

மகள் தூங்கிப்போயிருந்தாள். அம்மாவே போனை எடுத்து, ஒரு விரலால், எழுத்து எழுத்தாக, அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழேயே எழுதினார்: 'தப்பு என்னோடது. கோட்டோட உள்பக்கம் ஓரத்துல மடிப்பு இருக்கும். அதுல நகம் அளவுக்கு வெட்டினா வெளியில தெரியாது. அதை ஒரு கவர்ல போட்டுத் தபால்ல அனுப்பும்மா. நான் கையில வச்சுப் பாக்கணும்.'

அவ்வளவுதான். விற்கத் தெரியாத ஒரு பெண்மணி, வாங்கியவளிடம் துணி கேட்டார். ஆனால் அதைப் படித்தவர்கள் எழுந்து தங்கள் அலமாரிகளைத் திறந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். பட்டன் போன சட்டை இல்லாத வீடு எது? 'நானும் அனுப்பலாமா?' என்று ஒருவர் கேட்டார். அதற்குக் கீழே இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாக.

கரும்பச்சைத் துண்டு முதலில் வந்தது. பட்டன்காரம்மா வாசலில் நின்று நாலைந்து பட்டன்களை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கடைசியில் ஒன்று உள்ளே இறங்கி உட்கார்ந்ததும், "ம், பேசிட்டாங்க" என்றார். மகள் அதைத்தான் வீடியோவாகப் போட்டாள். பாட்டு இல்லை, வாங்குங்கள் என்ற பேச்சும் இல்லை. கடையின் விலாசம் மட்டும் கீழே இருந்தது.

கவர்கள் வரத் தொடங்கின. தபால்காரர், "என்னம்மா, லாட்டரி ஏதாவது ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். உள்ளே விரல்நகம் அளவுத் துண்டுகள், கூடவே கிறுக்கலாக ஒன்றிரண்டு வரிகள். 'அப்பாவோட கோட்டு. இனிமே தம்பி போடப்போறான்.' 'வேலைக்கு முதல் நாள் போட்டது, இப்ப மறுபடியும் பத்துது.' 'வீட்டுக்காரரோடது. அவருக்குத் தெரியாம வெட்டியிருக்கேன், சொல்லிடாதீங்க.' பொருந்திய பட்டன்களை மகள் பணம் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பினாள். கல்லாமேல் துண்டுகளைப் பரப்பி வைத்துவிட்டுப் பட்டன்காரம்மா சில சமயம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பொத்திக்கொண்டு வரும் கைகள்தான் இல்லை. அந்தப் பழைய மத்தியானங்களின் கசங்கிய துணிகளெல்லாம் வழி கேட்டுக்கேட்டு வீடு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோனார். அலமாரி வாசம். யார் வீட்டு அலமாரியோ.

பின்தொடர்கிறவர்கள் குறைந்தார்கள். தூங்க வந்தவர்கள் வேறு சத்தம் தேடிப் போய்விட்டார்கள். எண்ணிக்கை இறங்குகிறதே என்று மகள் முகம் தொங்கியது.

"போறவங்க போகட்டும்டி. இருக்கிறவங்களுக்கே பதில் போட முடியல."

உள்ளூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இத்தனை நாளும் இதே தெரு வழியாகப் போய்க்கொண்டு, வீட்டில் படுத்தபடி இந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வாசலில் தயங்கி, "இது... அந்தக் கடையா?" என்பார்கள். பிறகு உள்ளங்கையை விரிப்பார்கள்.

வருஷக் கடைசியில் ஓனர் வந்தார். ஸ்டூல்மேல் கவர்கள் இருந்ததால் உட்கார இடமில்லை. முன்னால் இரண்டு பேர் துணியோடு நின்றதால் அவர்களுக்குப் பின்னால் அவரும் நின்றார். தன்னையும் வாடிக்கையாளர் என்று நினைத்துவிடப் போகிறார்களோ என்பதுபோல் தொண்டையைச் செருமினார். அவருடைய முறை வந்தது.

"அப்புறம்மா, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"செல்போன் கடைக்காரர் குடுக்கிற வாடகையை என்னால குடுக்க முடியாதுங்க. நான் குடுத்துட்டு இருக்கிறதை நிறுத்தாம குடுப்பேன். கடை நடந்தா இருக்கலாம்னு சொன்னீங்க. நடக்குதா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஓனர் சுவர்களைப் பார்த்தார். எல்லாப் பட்டன்களும் அவரையே பார்த்தன. பின்னால் யாரோ, "சார், நீங்க வாங்கியாச்சுன்னா கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார்கள்.

"அடுத்த வருஷம் இருங்கம்மா. அதுக்கு மேல அப்ப பேசிக்கலாம்" என்று சொல்லித் தள்ளிக்கொண்டார்.

ஒரு வருஷம். பட்டன்காரம்மா வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "சாவியைக் கேக்கல" என்று மட்டும் சொன்னார். "சரி, சாப்பிட்டியா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, காத்திருந்த பெண்ணின் பக்கம் கையை நீட்டினார்.

"குடும்மா, துணியைப் பாப்போம்."