இத்தாவில் வளர்ந்த கோழிகள்

என் கணவர் முந்நூறு கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டிலில் விட்டு, நாலாம் நாள் மௌத்தானார். நெஞ்சுவலி. அவருக்கு இருபத்தேழு வயது, எனக்கு இருபத்திரண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதை எழுதத் தெரியுமா என்று எனக்கே சந்தேகம்தான்.

கணவன் மௌத்தானவளுக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா. வாசலைத் தாண்டக் கூடாது. கொட்டில் வீட்டுக்குப் பின்னால், மதிலுக்குள்ளேயே இருந்ததால் அங்கே மட்டும் போய்வந்தேன். முதல் கிழமை அந்தக் குஞ்சுகளைக் கண்டாலே எரிச்சல் வந்தது. அவர் இல்லை, இவை மட்டும் கீச்சுக் கீச்சென்று தின்கின்றனவே என்று. பிறகு யோசித்தேன். அவர் கை கடைசியாகப் பட்ட உயிர்கள் இவைதான். எப்படியாவது வளர்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்தது.

மூன்றாம் கிழமை கடையில் கோழித்தீன் இல்லை. லொறி வரவில்லையாம். அவரைப் பெற்ற மாமிக்கு என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கருவாட்டுத் தலைகள் வாங்கிவந்து, இடித்து, தவிட்டோடு கலந்தார்.

"மாமி, அவர் மீன் போடமாட்டாரே. இறைச்சியில வாடை வருமெண்டு சோளமும் சோயாவும்தானே குடுப்பார்."

"கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு கோழிக்கு மீன் இல்லையா? போடு புள்ள, சத்துத்தானே."

நானும் போட்டேன். கோழிகள் அடித்துப்பிடித்துத் தின்றன. மறுநாள் தண்ணீர்ப் பாத்திரம் நிரப்ப நிரப்ப வற்றியது. விரித்திருந்த உமியெல்லாம் சொதசொதவென்று ஈரம். அன்று பின்னேரத்துக்குள் பதினொரு கோழிகள் செத்துக் கிடந்தன. மாமி கதவடியில் குந்திவிட்டார்.

"என்ட மவன்ட கோழிய நானே சாகடிச்சிட்டேனே!"

மகனை அடக்கிய ஜனாஸா அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

சொறிக்கல்முனையில் என் வயதுப் பெண் ஒருத்தி கோழி வளர்க்கிறாள். என் கணவரும் அவளும் ஒரே இடத்தில்தான் குஞ்சு எடுப்பார்கள். மாமி அவளுக்குப் போன் எடுத்தார். அடுத்த நாள் காலையிலேயே ஸ்கூட்டியில் சோளமும் சோயாவும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"என்ன மாமி, கோழிக்குக் கருவாட்டு ஆணம் ஆக்கிக் குடுத்தீங்களாம்?"

"சிரிக்காத புள்ள. என்ட வயிறு எரியுது."

"உப்பு மாமி. நம்மளே ரெண்டு தலை திண்டா ஒரு குடம் தண்ணி குடிப்பம். அதுகள் குஞ்சு."

மாமி அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கே நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மிஞ்சிய கருவாட்டுத் தீனை எல்லாம் அள்ளிக் கொட்டினோம். நனைந்த உமியை மாற்றினோம். பிறகு எங்கள் அடுப்பில் சோயாவை வறுத்தாள்.

"பச்சையாப் போட்டா செமிக்காது. சதை வைக்காது. ஒங்கட மனிசன் எங்கட வீட்டுல நிண்டு வறுக்கக்குள்ள ஒவ்வொண்டாக் கடிச்சுப் பார்ப்பார். அரைவாசி அவர்ட வயித்துக்குத்தான் போகும்."

இங்கே அடுப்படிப் பக்கமே வராத மனிதர்! எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவரைப் பற்றி இனிப் புதிதாக ஒன்றும் தெரியவராது என்று நினைத்திருந்தேன். அவள் ஒன்று கொண்டுவந்து தந்தாள்.

சோளத்தையும் சோயாவையும் மாமி மில்லில் அரைத்துவந்தார். அதில் கொஞ்சம் தவிடு, சுண்ணாம்புத் தூள், ஒரு பக்கட் விற்றமின் கலந்தோம். இன்னும் நாலு செத்தன. அதோடு நின்றது.

ஒரு கிழமை பிந்தித்தான் கோழிகளுக்கு விற்கிற நிறை வந்தது. வியாபாரி கூடுகளோடு வந்த அன்று நான் அறைக்குள் இருந்தேன். கோழிகளைப் பிடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க, அவரை இரண்டாம் முறை கொண்டுபோகிறார்கள் போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"நல்ல கோழி உம்மா. அடுத்த குஞ்சு எப்ப?" என்று வியாபாரி வெளியே கேட்டார்.

மாமி யன்னலடிக்கு வந்தார். "என்னகா சொல்ல?" என்றார் மெதுவாக. வேண்டாம் என்றால் அதோடு விட்டிருப்பார், எனக்குத் தெரியும்.

"கொட்டிலக் கழுவிக் காயவிட ரெண்டு கிழமை வேணும் மாமி. அதுக்குப் பொறகு கொண்டுவரச் சொல்லுங்க."

"ஓம்" என்று சொல்லிவிட்டு, மாமி கொட்டில் கூட்டும் தும்புத்தடியைத் தேடிப் போனார்.