கை எட்டாத காற்றுத்துளை

தம்பானூர் ரயில் நிலைய வாசலில் ஆட்டோ ஓட்டும் செல்வமணி அன்று காலை ஒரு சவாரியும் ஏற்றவில்லை. கேட்டவர்களை எல்லாம் "ஆளுண்டு, ஆளுண்டு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து ராஜையன் வருகிறார். விழிஞ்ஞத்தில் பிஜுவின் மகளுக்குக் கல்யாணம். மூன்று பேரும் ஒரு காலத்தில் பட்டாளத்தில், ஒரே பனிமலைக் காவல்முகாமில் கிடந்தவர்கள்.

ராஜையன் அங்கே மருத்துவப் பிரிவு ஹவில்தார். சரியான நச்சரிப்பு. குடிதண்ணீரில் மருந்து கலந்தாயிற்றா, நனைந்த காலுறைக்குள் விரல் கறுத்திருக்கிறதா, ஜெனரேட்டர் பக்கம் நிற்பவன் காதை அடைத்திருக்கிறானா என்று ஒருத்தரை விடமாட்டார். காற்றில் விஷவாயு கலந்தால் அலறும் கருவி ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். பயல்கள் அவருக்கு வைத்த பெயர் மோப்பக்காரர்.

அவருக்கும் செல்வமணிக்கும் ஓயாத சண்டை. பதுங்குகுழிக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும். புகை தங்காமலிருக்கச் சுவரில் ஒரு துளை. அதன் வழியாக வரும் காற்று, கத்தியைக் கொண்டு காதைச் சீவும். தம்பானூர் வெயிலில் வளர்ந்த உடம்பு தாங்குமா? செல்வமணி கம்பளித் தொப்பியைத் துளைக்குள் திணிப்பார். ராஜையன் வந்து பிடுங்கி எறிவார்.

"லேய் மக்ளே, குளிரு ஒன்ன கொல்லாது. இத அடச்சா கொன்னுரும்."

"அண்ணனுக்கு வேற சோலி இல்லியா?"

ஒருநாள் விடிந்ததிலிருந்து பனிப்புயல். பிஜுவுக்குக் காய்ச்சல், நடுங்கிக்கொண்டு கிடந்தான். காவலுக்குக் கிளம்பிய செல்வமணிக்கு மனது கேட்கவில்லை. தன் போர்வையையும் அவன்மேல் போட்டு, அடுப்பைத் தூண்டிவிட்டு, துளையை இறுக்கி அடைத்துவிட்டுப் போனார். பாசத்தில் செய்ததுதான்.

அந்தப் புயலில் ராஜையன் சுற்றி வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 'இன்றைக்குத்தான் இந்தப் பயல்கள் அடைப்பான்கள்' என்று நினைத்து அவராகவே கிளம்பியிருக்கிறார். காவல் முடிந்து செல்வமணி திரும்பியபோது, ராஜையன் பிஜுவை வாசலுக்கு இழுத்துப்போட்டு, முகத்தில் ஆக்சிஜனை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கருவி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. செல்வமணி பிஜுவின் காலைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு அழுதார். பிஜு கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

மேஜர் விசாரிக்க வந்தார். செல்வமணி தலைகுனிந்து நடந்ததைச் சொன்னார். ராஜையன் குறுக்கே புகுந்தார்.

"சாப், குளிருதவன் அடைக்கத்தான் செய்வான். கை எட்டுத எடத்துல ஓட்டைய வச்சது நம்ம தப்பு."

அந்த வாரமே எல்லாப் பதுங்குகுழிகளிலும் துளையைக் கூரையோரம் உயர்த்தி, வெளிப்பக்கம் கம்பி வலையும் அடித்தார்கள். பிறகு அங்கே ஒருவனும் அப்படி மயங்கி விழவில்லை.

ரயில் வந்தது. ராஜையன் ஆட்டோவில் ஏறியதும், "என்ன டே, இப்பிடிப் புகை விடுது ஒன் வண்டி?" என்றார். செல்வமணி சிரித்துவிட்டார். இந்த மனிதர் திருந்தவே மாட்டார். அதற்காக ஆண்டவனுக்கு ஆயிரம் நன்றி.

கோவளம் தாண்டியபோது செல்வமணி வண்டியை ஓரங்கட்டினார்.

"அண்ணே, பிஜு உயிரக் காப்பாத்துனீங்கன்னு எல்லாரும் சொல்லுவாவ. நீங்க என்னயும் காப்பாத்தியிருக்கீங்க. அன்னைக்கு அவன் போயிருந்தா, நான் மனுஷனா இருந்திருக்க மாட்டேன்."

"கல்யாணத்துக்கு நேரமாச்சு, வண்டிய எடு" என்றார் ராஜையன்.

தேவாலய வாசலில் பிஜு இருவரையும் கட்டிக்கொண்டு, மணப்பெண்ணைக் கூப்பிட்டார். ஜினி வந்து இவர்கள் கையைப் பிடித்தாள். அந்தப் புயல் நாளில் பிஜுவுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. செல்வமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் நிற்கவில்லை.

"எந்தினா அங்கிள் கரையுந்நெ?" என்று அவர் அழுவதைப் பார்த்துப் பதறினாள் ஜினி.

"ஒண்ணுமில்ல மோளே, நீ இருக்கியே" என்றார் செல்வமணி.