மூன்றாம் மாடி அறை

அந்தப் பழைய கல்லூரியில் படிக்க ஜெனிவீவ் பதினெட்டு வயதில் ஆசைப்பட்டாள். மதிப்பெண் போதவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தங்கை அருள்ஜோதிக்கு இடம் கிடைத்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, தங்கையின் பட்டமளிப்புப் படத்தைக் குவீன்ஸ்டவுன் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். தேவாலயத்தில் பார்ப்பவர்களெல்லாம் ஜெனிவீவிடம் முதலில் விசாரித்தது ஜோதியைத்தான்.

பின்னாளில் கல்லூரி வேறு இடத்துக்குப் போனது; பழைய கட்டடம் மாநாட்டு மையமானது. மாணவர் விடுதி, விருந்தினர் தங்கும் அறைகளாயிற்று. அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்த ஜெனிவீவ் பத்தொன்பது வருடத்தில் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். எந்த ஜன்னல் மழைக்கு ஒழுகும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

போன ஜூலையில் ஒரு மருத்துவ மாநாடு. அறைப் பட்டியலின் தலையில் தங்கையின் பெயர்: பேராசிரியர் அருள்ஜோதி, மெல்பர்ன். கீழ்த்தளத்தில், தோட்டத்தைப் பார்த்த பெரிய அறை. படித்ததுமே ஜெனிவீவுக்கு வயிறு எரிந்தது. இங்கேயும் அவளுக்குத்தானா நல்லது? தங்கையை மூன்றாம் மாடிக்கு மாற்றினாள். அங்கே லிஃப்ட் கிடையாது. ஜோதிக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தெரிந்தேதான் செய்தாள்.

மதியம் வந்த ஜோதி ஒன்றும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன ஜெனிவீவ் இரண்டாம் மாடியில் அதைக் கீழே வைத்தாள்.

"ஜோதி, நில்லு. உனக்குக் கீழ ரூம் போட்டிருந்தாங்க. நான்தான் மாத்துனேன்."

"தெரியும்க்கா. என் பேரு அந்தக் கதவுலயே ஒட்டியிருக்கு, வரும்போதே பாத்தேன்."

"அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆபீஸ்ல பதில் சொல்லணும்லா." ஜோதி படியிலேயே உட்கார்ந்தாள். "ஆனா கால் உயிர் போகுதுக்கா."

ஜெனிவீவ் தோளைக் கொடுத்து அவளைக் கீழே அழைத்து வந்தாள். பெரிய அறையைத் திறந்து, படுக்கையில் உட்காரவைத்து, வீங்கிய முழங்காலுக்கு ஐஸ் வைத்தாள். "மன்னிச்சிரு" என்றாள். ஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஜோதி பேசியபோது ஜெனிவீவ் அரங்கின் பின்வரிசையில் நின்று கேட்டாள். பாதி புரியவில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். உள்ளே அந்தப் பழைய எரிச்சல் திரும்பவும் தலைதூக்கியது. அவளும் கைதட்டினாள்.