மூடிப்போன கம்பெனியின் கார்

எதையாவது போனில் படித்துவிட்டு, பிறந்ததிலிருந்தே தெரிந்தவன்போல் பேசும் வியாதி எனக்கு உண்டு.

டெக்சாஸ் சுகர் லேண்டில் எங்கள் சர்ச்சுக்குத் தன் பழைய பிரிட்டிஷ் காரில் வரும் ஒரு அங்கிள், நிறுத்தியதும் குனிந்து எஞ்சினுக்கு அடியில் ஒரு கேக் தட்டைத் தள்ளுவார். ஆயில் ஒழுகும்.

ஒரு ஞாயிறு, அந்தக் கார் கம்பெனி சைக்கிள் செய்து தொடங்கியதிலிருந்து திவாலானதுவரை அவர் மனைவி முன்னால் அளந்துவிட்டேன்.

"மூடிட்டாங்களா? பார்ட்ஸ் அங்கேருந்து வருதுன்னு சொல்லித்தானே இந்த ஓட்டைய விக்காம வெச்சிருக்கீங்க!" என்று அங்கிள் பக்கம் திரும்பினார் ஆன்ட்டி.

அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி நிறைய படிப்பார் போல."

அடுத்த வாரம் புது எலக்ட்ரிக் காரில் வந்தார். இறங்கியதும் பழக்கத்தில் குனிந்து, வெறுங்கையோடு நிமிர்ந்தார்.

"என்னாலதான் வித்துட்டார்" என்று வீட்டில் புலம்பினேன்.

"உங்க பேச்சுக்கு அவ்ளோ பவர் இருந்தா, நம்ம பொண்ணு என்னிக்கோ குப்பைய வெளிய வெச்சிருப்பா" என்றாள் மனைவி.